கோழிக் குடல்நோயைத் தடுக்க மூலிகைத் தீவனச் சேர்க்கைகள்: எது, எவ்வளவு, எப்போது?

கேள்வி இதுதான்: தீவனத்தில் ஆன்டிபயாடிக் போடுவதை நிறுத்தினால், ரத்தக்கழிச்சலும் குடல் அழுகலும் வராமல் தடுக்க மஞ்சள், பூண்டு, ஓமம் போன்றவையோ கடையில் கிடைக்கும் மூலிகைக் கலவைகளோ போதுமா? போடுவதென்றால் டன்னுக்கு எவ்வளவு போட வேண்டும்?

குஞ்சு இறங்கிய முதல் நாள் தீவனத்திலிருந்தே, வேலை செய்யும் அளவுக்குப் போட்டால் பலன் உண்டு. எச்சத்தில் ரத்தத்தைப் பார்த்த பிறகு ஆரம்பித்தால் பலன் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலான பண்ணைகளில் காசு வீணாகிறது. செடியின் பெயரைப் பார்த்து வாங்குகிறார்கள். அந்தச் செடியில் எந்த வேதிப்பொருள் வேலை செய்கிறது, அது டன்னுக்கு எத்தனை கிராம் போகிறது, குடலின் எந்த இடம் வரை போய்ச் சேர்கிறது என்று கணக்குப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கைத்தான் கீழே போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய் வைரஸால் வருவது. அதற்குத் தடுப்பூசி மட்டும்தான். எந்த மூலிகைத் தீவனச் சேர்க்கையையும் நம்பி லசோட்டாவையோ ஆர்.டி.வி.கே. ஊசியையோ தள்ளிப்போடக் கூடாது. நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் பலர் கழிச்சல் என்றாலே எல்லாம் ஒன்று என்று நினைத்து மஞ்சளும் மிளகும் அரைத்துக் கொடுத்துவிட்டு ஊசியை விட்டுவிடுகிறார்கள். மொத்தக் கூட்டமும் போய்விடும்.

மூலிகைச் சேர்க்கைகளுக்கு வேலை இருப்பது இரண்டு நோய்களில். ஒன்று ரத்தக்கழிச்சல், அதாவது காக்சிடியோசிஸ். இது ஐமீரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியால் வருவது. ஐமீரியா அசெர்வுலினா முன்சிறுகுடலில் வெள்ளைக் கோடுகளைப் போடும். மாக்சிமா நடுச்சிறுகுடலை உப்பவைத்து ஆரஞ்சு நிறச் சளியை உண்டாக்கும். டெனெல்லா சீக்கம் என்ற முட்டுக்குடல் இரண்டிலும் ரத்தத்தை நிரப்பும். எச்சத்தில் ரத்தமாக நம் கண்ணில் படுவது பெரும்பாலும் டெனெல்லாவின் வேலை. மற்ற இரண்டும் ரத்தம் காட்டாமலே எடையைத் தின்றுவிடும். இரண்டாவது நோய் நெக்ரோடிக் என்டரைடிஸ் என்ற குடல் அழுகல். குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா கோழிக் குடலில் எப்போதும் இருப்பதுதான். மாக்சிமா குடல் சுவரைக் கிழித்து வைத்தாலோ, செரிக்காத புரதம் கீழ்க்குடலுக்கு வந்தாலோ அது பெருகி நச்சைக் கக்கும். குடலைத் திறந்தால் உட்புறம் தேங்காய்ப்பூத் துண்டு போலப் பொருபொருவென்று பழுப்பாக இருக்கும், நாற்றமும் அடிக்கும். பெரும்பாலும் 2 முதல் 5 வாரத்துக்குள் வரும்.

இந்த இரண்டையும் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தவை தீவனத்தில் குறைந்த அளவில் போட்ட ஆன்டிபயாடிக்கும், சாலினோமைசின், மடுராமைசின் போன்ற, ஐமீரியாவை அடக்கும் அயனோஃபோர் மருந்துகளும். ஸ்வீடன் 1986-இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதலும் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் போடுவதைத் தடை செய்தன. இந்தியாவில் 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைகளில் கொலிஸ்டின் தடை செய்யப்பட்டது. தடை வந்த இடங்களிலெல்லாம் முதலில் தலைதூக்கியது குடல் அழுகல்தான். மூலிகைச் சேர்க்கைகளுக்கு இன்று இவ்வளவு மவுசு வந்ததற்குக் காரணம் அதுவே.

இப்போது ஏன் முதல் நாளிலிருந்தே போட வேண்டும் என்பதைப் பாருங்கள். எச்சத்தோடு வெளியேறும், ஊசிஸ்ட் எனப்படும் ஐமீரியாவின் முட்டை, ஈரமும் சூடும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் நோய் பரப்பத் தயாராகிவிடும். குஞ்சு அதைக் கொத்தித் தின்ற ஐந்தாம் நாள் வாக்கில் ஒட்டுண்ணியின் இரண்டாம் தலைமுறை முட்டுக்குடல் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ரத்தம் தெரிவது அப்போதுதான். அதாவது நீங்கள் ரத்தத்தைப் பார்க்கும் நேரத்தில் சேதம் முடிந்துவிட்டது. தரையில் உமி, நார்க்கழிவு பரப்பிய ஆழ்கூளத்தில் ஊசிஸ்ட் எண்ணிக்கை சுற்றுச் சுற்றாகப் பெருகி 3-வது, 4-வது வாரத்தில் உச்சிக்குப் போகும். மூலிகைச் சேர்க்கையின் வேலை இந்தப் பெருக்கத்தை மட்டுப்படுத்துவது. முதல் இரண்டு வாரம் போடாமல் மூன்றாம் வாரம் போட்டால் மட்டுப்படுத்த ஒன்றும் மிச்சமிருக்காது.

சரி, எது வேலை செய்கிறது?

அதிகம் ஆராயப்பட்டவை தைமால், கார்வக்ரால் என்ற இரண்டு பீனால் எண்ணெய்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் இவற்றை ஒரிகானோ, தைம் செடிகளிலிருந்து எடுக்கின்றன. நம் ஊரில் தைமாலுக்கு ஓமம் இருக்கிறது. கற்பூரவள்ளியிலும் இவை உண்டு. இவை பாக்டீரியாவின் மேல்சவ்வைக் குலைத்து உள்ளிருப்பதைக் கசியவைக்கும். குளோஸ்ட்ரிடியம் மேல் இவற்றுக்கு நல்ல பிடி. ஒட்டுண்ணி மேல் பிடி கொஞ்சம் குறைவு. கிரீஸில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், டெனெல்லா கொடுக்கப்பட்ட கறிக்கோழிகளுக்குக் கிலோ தீவனத்துக்கு 300 மில்லிகிராம் ஒரிகானோ எண்ணெய் போட்டார்கள். ஒன்றும் போடாத கூட்டத்தைவிட அவை நன்றாகவே இருந்தன. ஆனால் 75 மில்லிகிராம் லாசலோசிட் மருந்து பெற்ற கூட்டத்தை எட்டவில்லை. மூலிகை எண்ணெய்களிடம் நாம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை இந்த ஒரு முடிவே நேர்மையாகச் சொல்லிவிடுகிறது: ஒன்றும் இல்லாததைவிட மேல், நல்ல மருந்தைவிடக் கீழ்.

இப்போது ஓமத்தை வைத்துக் கணக்கு. நல்ல ஓம விதையில் எண்ணெய் 2 முதல் 4 சதவீதம். 3 என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணெயில் தைமால் ஏறத்தாழ 35 முதல் 60 சதவீதம். 45 என்று வைப்போம். ஒரு கிலோ ஓமத்தில் எண்ணெய் 30 கிராம், அதில் தைமால் 13.5 கிராம். டன் தீவனத்துக்கு ஒரு கிலோ ஓமத்தூள் போட்டால் கிடைப்பது 13.5 பிபிஎம் (டன்னுக்கு ஒரு கிராம் என்றால் 1 பிபிஎம்). ஆய்வுகளில் பலன் தெரியும் அளவு பெரும்பாலும் 100 பிபிஎம் வாக்கில் ஆரம்பிக்கிறது. அந்த அளவுக்குப் போக வேண்டுமானால் டன்னுக்கு 7 கிலோவுக்கு மேல் ஓமம் வேண்டும். ‘டன்னுக்கு 500 கிராம் மூலிகைப் பொடி’ என்று விற்பனையாளர் சொன்னால், அது வெறும் அரைத்த விதையா, பிரித்தெடுத்த எண்ணெயா என்று கேளுங்கள். அரைத்த விதை என்றால் அந்த 500 கிராம் வாசனைக்குத்தான் உதவும்.

இலவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடும் கிராம்பின் யூஜினாலும் இதே வகை. வணிகக் கலவைகளில் பட்டையெண்ணெயையும் கார்வக்ராலையும் சேர்த்துப் போடுவது வழக்கம். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகப் போடுவதைவிடக் குறைந்த அளவே போதும்.

மஞ்சளின் கதை வேறு. குர்குமின் குடலில் மிகக் குறைவாகத்தான் உறிஞ்சப்படும். மனித மருந்தாக அது ஒரு குறை. குடல்நோய்க்கு அதுவே வசதி, ஏனென்றால் பொருள் குடலுக்குள்ளேயே தங்கிப் போகிறது. அதனால் மஞ்சளோடு மிளகு சேர்த்தால் குர்குமின் அதிகமாக ரத்தத்தில் ஏறும் என்ற பிரபலமான யோசனையைக் கோழிக் குடலுக்கு அப்படியே கொண்டுவர வேண்டியதில்லை. மிளகு செரிமானத்துக்கு உதவலாம், ஆனால் மஞ்சளைக் குடலிலிருந்து வெளியே இழுப்பது இங்கே நம் நோக்கம் இல்லை. அமெரிக்காவில் 1990-களின் பிற்பகுதியில் நடந்த சோதனைகளில் 1 சதவீத மஞ்சள்தூள் அசெர்வுலினா, மாக்சிமா தொற்றைக் குறைத்தது. முட்டுக்குடலைத் தாக்கும் டெனெல்லாவில் அதே பலன் தெரியவில்லை. ஆகவே ரத்தக்கழிச்சலுக்கு மஞ்சள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது பாதி சரி. ரத்தம் தெரியாத, எடையைத் தின்னும் வகைக்குத்தான் மஞ்சள் அதிகம் உதவுகிறது. டன்னுக்கு 5 கிலோ மஞ்சள்தூள், அதில் குர்குமின் 3 சதவீதம் என்றால் 150 பிபிஎம் குர்குமின் கிடைக்கும். மக்காச்சோளத்தில் அஃப்லடாக்சின் இருந்தால் ஈரலுக்கும் மஞ்சள் ஓரளவு காவல். நம் ஊர் மழைக்காலச் சோளத்தை நினைத்தால் இது சின்ன லாபம் இல்லை.

பூண்டில் வேலை செய்யும் அல்லிசின், முழுப் பல்லில் இருப்பதில்லை. நசுக்கும்போது ஒரு நொதி வேலை செய்து அது உண்டாகிறது. அதிகச் சூட்டில் உலர்த்திய பூண்டுத்தூளில் அந்த நொதி செத்திருக்கும். இரைப்பையின் கடும் அமிலமும் அதை முடக்கும். ஆகவே பச்சைப் பூண்டு என்றால் நசுக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, உடனே தீவனத்தில் பிசறிக் கொடுத்துவிட வேண்டும். காலையில் அரைத்ததை மாலையில் கொடுக்கக் கூடாது. முட்டைக்கோழிக்குப் பூண்டை அள்ளிப் போட்டால் முட்டையில் வாசனை ஏறும்.

டானின் உள்ளவை, உதாரணமாகச் செஸ்ட்நட் மரச் சாறு, கடுக்காய். இவை குளோஸ்ட்ரிடியத்தை நன்றாக அடக்கும். ஆனால் டானின் புரதத்தோடும் ஒட்டிக்கொள்ளும். தரப்படுத்திய செஸ்ட்நட் டானின் டன்னுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை போடுவது வழக்கம். அதற்கு மேல் போனால் புரதம் செரிக்காமல் கீழே இறங்கி, எந்தப் பாக்டீரியாவை அடக்க நினைத்தோமோ அதற்கே உணவாகிவிடும். தீவனத்தில் டானின் அதிகமுள்ள சிவப்புச் சோளம் போட்டிருந்தால் டானின் சேர்க்கையைத் தொடவே வேண்டாம்.

சப்போனின் உள்ள யக்கா, குயில்லாயா என்ற வெளிநாட்டுச் செடிகள் ஒட்டுண்ணியின் சவ்வில் உள்ள ஸ்டீராலைப் பிடித்துக் குலைக்கும், கொட்டகையில் அம்மோனியா நெடியையும் குறைக்கும். யக்காப் பொடி டன்னுக்கு 100 முதல் 150 கிராம் போதும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சப்போனின் இருக்கிறதே என்று அவற்றை அரைத்துப் போடாதீர்கள். சப்போனின்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சில ரத்தச் சிவப்பணுவை உடைப்பவை, தீவனம் எடுப்பதையும் கெடுப்பவை.

வேம்பு, நிலவேம்பு இரண்டிலும் சத்து உண்டு, ஆனால் கசப்பு அளவு மீறினால் கோழி தீவனத்தைக் குறைத்துவிடும். கறிக்கோழியில் ஒரு நாள் தீவனம் குறைந்தாலே எடையில் அடி விழும். இவற்றை நாட்டுக்கோழியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தை: கேப்சைசினின் காரம் பறவைகளுக்குத் தெரியாது, அவற்றின் நரம்பு அதை உணர்வதில்லை. மிளகாய்ச் சாறு போட்டால் கோழி தீவனத்தை ஒதுக்குமோ என்ற பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது, கழிவு மிளகாயில் வளர்ந்திருக்கும் பூஞ்சைக்குத்தான்.

அடுத்தது, போட்ட பொருள் குடலின் சரியான இடத்துக்குப் போகிறதா என்பது. தைமால், கார்வக்ரால் போன்றவை கொழுப்பில் கரைபவை. வெறுமனே போட்டால் இரைப்பையிலும் முன்சிறுகுடலிலுமே பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். குளோஸ்ட்ரிடியம் இருப்பது அதற்குக் கீழே. டெனெல்லா இருப்பது கடைசியில், முட்டுக்குடலில். அதனால்தான் கொழுப்பு உறை போட்ட எண்ணெய்த் துகள்களை விற்கிறார்கள். உறையை லைப்பேஸ் நொதி மெல்ல மெல்லக் கரைக்க, எண்ணெய் கீழ்க்குடலில் வெளியே வரும். உறைக்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்கு இந்த ஒரு காரணம் போதும். இன்னொரு காரணம் பெல்லட், அதாவது நீராவியில் அழுத்திய குச்சித் தீவனம். பெல்லட் அடிக்கும்போது நீராவியில் 80 டிகிரிக்கு மேல் சூடு ஏறும். உறையில்லாத எண்ணெயில் கணிசமான பங்கு ஆலையின் கூரை வழியாகப் போய்விடும். ஆலையில் மணம் கமகமக்கிறது என்றால் கோழிக்குக் குறைவாகப் போகிறது என்று அர்த்தம். நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகள் போல மேஷ் தீவனம், அதாவது அழுத்தாத தூள் தீவனம் அரைப்பவர்களுக்கு இந்த இழப்பு இல்லை.

சொந்தமாக மேஷ் அரைப்பவர், ஆழ்கூளத்தில் வளரும் முட்டைக்கோழிக் குஞ்சுக்கோ நாட்டுக்கோழிக்கோ தொடங்கிப் பார்க்க ஒரு டன்னுக்கு ஓர் அளவு சொல்கிறேன்: மஞ்சள்தூள் 5 கிலோ, ஓமத்தூள் 5 கிலோ, குறைந்த சூட்டில் உலர்த்திய பூண்டுத்தூள் 2 கிலோ. மேலே போட்ட கணக்குப்படி இதில் தைமால் 67 பிபிஎம் வாக்கில் வரும். அந்த 100-ஐ எட்டாது, இது தொடங்கிப் பார்க்கும் அளவு மட்டுமே. மொத்தம் 12 கிலோ ஆவதால் எண்ணெய் எடுத்த தவிட்டில் 12 கிலோவைக் குறைத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளத்திலோ சோயாவிலோ கை வைத்தால் எரிசக்தியும் புரதமும் குறையும். ஓமம் கிலோ 200 ரூபாய் என்று வைத்தால் ஓமத்துக்கு மட்டும் கிலோ தீவனத்துக்கு ஒரு ரூபாய் ஆகிறது. 3.3 கிலோ தின்னும் கறிக்கோழிக்கு இது கட்டுப்படியாகாது. நல்ல விலைக்குப் போகும் நாட்டுக்கோழிக்குக் கட்டுப்படியாகும்.

விதைக்குப் பதில் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ஓம உப்பை, அதாவது தைமால் படிகத்தையே வாங்கினால் டன்னுக்கு 100 கிராம் போதும். ஆனால் கலக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 100 கிராமை ஒரு டன்னில் நேரடியாகக் கொட்டினால் ஒரு மூட்டையில் எல்லாமும் மற்ற மூட்டைகளில் ஒன்றுமில்லாமலும் போகும். படிகத்தை ஒரு லிட்டர் சோயா எண்ணெயிலோ தவிட்டெண்ணெயிலோ கரையுங்கள். கரைய நேரமானால் பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்தால் போதும், அடுப்பில் வைக்க வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், தோலில் பட்டால் எரியும். கரைந்த எண்ணெயை 5 கிலோ எண்ணெய் எடுத்த தவிட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசறிக் கட்டியில்லாமல் சலியுங்கள். அந்த 5 கிலோவை 20 கிலோ அரைத்த மக்காச்சோளத்தோடு கலந்து 25 கிலோ ஆக்குங்கள். மிக்சரில் பாதிச் சோளமும் சோயாவும் போன பிறகு இந்த 25 கிலோவைப் போட்டு, மீதியை அதன் மேல் போடுங்கள். செங்குத்து மிக்சர் என்றால் 12 முதல் 15 நிமிடம், கிடைமட்ட ரிப்பன் மிக்சர் என்றால் 4, 5 நிமிடம். கலந்த தீவனத்தை இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வெயில் படும் கொட்டகையில் அடுக்கிவைத்தால் அதற்கு முன்பே மணம் போய்விடும், மணத்தோடு தைமாலும் போய்விடும்.

பல்லடம் பக்கம் ஒப்பந்தத்தில் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கு இந்த வழியே இல்லை. தீவனம் நிறுவனத்திலிருந்து வருகிறது, அதில் நாமாக எதையும் கலக்கக் கூடாது. அதில் ஏற்கனவே அயனோஃபோர் இருக்கும். குடிநீர் வழியாகக் கொடுப்பது ஒன்றுதான் மிச்சம், அதையும் நிறுவன மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். எண்ணெய் தண்ணீரில் கலக்காது. வெறும் எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் மேலே மிதந்து, தொட்டி காலியாகும் நேரத்தில் மொத்தமாகக் குழாயில் இறங்கும். கடைசி நிப்பிள் (கோழி கொத்திக் குடிக்கும் குழாய்முனை) வரிசைக் கோழிகளுக்கு அளவு மீறிப் போகும், நிப்பிளும் அடைக்கும். தண்ணீரில் கரையும்படி பால்மமாக்கிய தயாரிப்பு மட்டுமே வாங்குங்கள். அளவைத் தண்ணீர் லிட்டரை வைத்துக் கணக்கிடாதீர்கள், தின்னும் தீவனத்தை வைத்துக் கணக்கிடுங்கள். 20 நாள் வயதில் ஆயிரம் கோழி சுமார் 90 கிலோ தீவனம் தின்னும். 100 பிபிஎம் என்றால் ஒரு நாளைக்கு வேண்டிய வேதிப்பொருள் 9 கிராம். அன்றைக்கு 170 லிட்டர் குடித்தாலும், சித்திரை வெயிலில் 300 லிட்டர் குடித்தாலும் அந்த 9 கிராம்தான். லிட்டருக்கு இத்தனை மில்லி என்ற லேபிள் அளவை வெயில் காலத்திலும் அப்படியே பின்பற்றினால் கிட்டத்தட்ட இரட்டிப்பாகப் போய்விடும். சர்க்கரையும் சாறும் உள்ள மூலிகைத் திரவம் குழாயின் உள்சுவரில் வழுவழுப்பான பாக்டீரியாப் படலத்தை வளர்க்கும். கொடுத்து முடித்த அன்றே அழுத்தத்தோடு தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள்.

நாட்டுக்கோழி நூறு வைத்திருப்பவருக்குச் சின்னக் கணக்கு. ஒரு கோழி 80 கிராம் தின்றால் நாளைக்கு 8 கிலோ. அதில் மஞ்சள்தூள் 40 கிராம், ஓமத்தூள் 40 கிராம், நசுக்கிய பூண்டு 80 கிராம். கற்பூரவள்ளித் தழையை அரிந்து போடுவது நல்லதுதான், பச்சையும் நீரும் கிடைக்கும். ஆனால் பச்சை இலையில் பெரும்பங்கு தண்ணீர், எண்ணெய் மிகக் கொஞ்சம். நோய்த்தடுப்புக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

வாங்கும் பொருளின் தரத்தில் ஏமாறும் இடங்கள் பல. வாசனைப்பொருள் ஆலைகளில் சாறு எடுத்துவிட்ட மஞ்சள் சக்கை, தீவன மஞ்சள் என்று மலிவாக விற்பனைக்கு வரும். நிறம் இருக்கும், குர்குமின் இருக்காது. நிறம் கூட்ட ஈயக் குரோமேட் சேர்ப்பதும் மஞ்சள் வியாபாரத்தில் தெரிந்த மோசடிதான், அது முட்டை வழியாக நம் வீட்டுக் குழந்தைக்கே வந்து சேரும். விரலி மஞ்சளாக வாங்கி நீங்களே அரைப்பது பாதுகாப்பு. எந்தப் பொடியிலும் ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வணிகத் தயாரிப்பு என்றால் ‘மூலிகைச் சாறுகள்’ என்ற பொதுச்சொல்லோடு விடாதீர்கள். எந்த வேதிப்பொருள், எத்தனை சதவீதம், அந்த லாட்டுக்கு ஆய்வகச் சான்று உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்க வேண்டாம். மூலிகைப் பொடி போட்ட மறுநாளே கழிச்சல் நின்றது என்றால் மகிழ்வதற்கு முன் அதை ஒரு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. உள்ளே மருந்து கலந்திருக்கலாம், அப்படியானால் கறியிலும் முட்டையிலும் மருந்தின் மிச்சம் இருக்கும், பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

மூலிகையால் சரிசெய்ய முடியாதவற்றைச் சரிசெய்யாமல் மூலிகையைக் குறை சொல்வதும் அடிக்கடி நடக்கிறது. ஆழ்கூளம் நனைந்திருந்தால் எதைப் போட்டும் பயனில்லை. தேங்காய் நார்க்கழிவோ உமியோ கடலைத்தோலோ, ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள். உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. நிப்பிள் கோழியின் தலைக்கு மேல் இருக்கிறதா, சொட்டுகிறதா என்று தினமும் பாருங்கள், கூளத்தைக் கிளறிவிடுங்கள். சோயா சரியாக வறுபடாவிட்டால் டிரிப்சின் தடுப்பான் மிஞ்சிப் புரதம் செரிக்காது. யூரியேஸ் சோதனையில் பி.ஹெச். உயர்வு 0.05-க்கும் 0.2-க்கும் இடையில் இருக்க வேண்டும். கருவாட்டுத்தூள் அளவு கூடினாலும், ஸ்டார்ட்டர் என்ற குஞ்சுத் தீவனத்திலிருந்து ஃபினிஷர் என்ற கடைசிக்கட்டத் தீவனத்துக்கு ஒரே நாளில் மாற்றினாலும் குடல் அழுகல் வரும். மூன்று நாளில் கலந்து மாற்றுங்கள்.

ஆன்டிபயாடிக்கை விட நினைப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே பேட்சில் நிறுத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதலில் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்கை மட்டும் எடுத்துவிட்டு, உறையிட்ட எண்ணெயும் பியூட்ரேட் என்ற கொழுப்பமில உப்பும் சேருங்கள். காக்சிடியா மருந்தைத் தொடருங்கள். இரண்டு மூன்று பேட்ச் சிக்கலில்லாமல் போன பிறகு, ஸ்டார்ட்டரில் மருந்து, ஃபினிஷரில் மூலிகை என்று மாற்றலாம். மருந்தை நிறுத்த வேண்டிய விற்பனைக்கு முந்தைய நாட்களில்தான் மூலிகைக்கு மிகப் பொருத்தமான இடம். காக்சிடியா தடுப்பூசி (வாக்சின்) கொடுத்த குஞ்சுகளுக்கு அயனோஃபோர் போடக் கூடாது. அது தடுப்பூசியில் உள்ள உயிருள்ள ஒட்டுண்ணியையே கொன்றுவிடும். அங்கேயும் குடல் அழுகலைத் தடுக்க எண்ணெய்ச் சேர்க்கைகள் நன்றாகப் பொருந்தும்.

நோய் வந்துவிட்டால் மூலிகையில் நேரம் கடத்தாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ரத்தக்கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் 20 சதவீதத் தூளைத் தண்ணீரில் லிட்டருக்கு 0.6 கிராம் வீதம், கடுமையானால் 1.2 கிராம் வீதம் தருவது வழக்கம். அந்த நாட்களில் பி காம்ப்ளக்ஸ் டானிக்கை நிறுத்துங்கள். ஆம்ப்ரோலியம் ஒட்டுண்ணிக்கு வைட்டமின் பி1 கிடைக்காமல் செய்துதான் வேலை செய்கிறது, நீங்கள் பி1 கொடுத்தால் மருந்தின் வேலை கெடும். வைட்டமின் கே கொடுக்கலாம். ரத்தக்கழிச்சலுக்கான இன்னொரு மருந்தான டோல்ட்ராசுரிலை முட்டையிடும் கோழிக்குத் தரக் கூடாது.

கடைசியாக, போட்டது பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே ஹேட்சரி, ஒரே நாள் குஞ்சு, இரண்டு கொட்டகை. ஒன்றில் சேர்க்கையோடு, மற்றதில் இல்லாமல். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் 50 கோழியை எடை போடுங்கள், தீவனத்தையும் இறப்பையும் தனித்தனியாக எழுதுங்கள். 21 முதல் 24 நாளுக்குள் ஒவ்வொரு கொட்டகையிலும் நலமாகத் தெரியும் ஐந்து கோழியைப் பிடித்து மருத்துவரை வைத்துக் குடலைத் திறந்து பாருங்கள். ஜான்சனும் ரீடும் 1970-இல் வகுத்த முறைப்படி முன்குடல், நடுக்குடல், முட்டுக்குடல் மூன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி போடலாம். செத்துக் கிடந்த கோழியை இதற்கு எடுக்காதீர்கள். வெயிலில் செத்து இரண்டு மணி நேரமான கோழியின் குடல் தானாகவே அழுகி, இல்லாத நோயைக் காட்டும். ஒரு பேட்ச் முடிவை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம், வெயில் பேட்சும் மழை பேட்சும் அடங்க மூன்று பேட்சாவது பாருங்கள். தீவனத்தில் ஈரம், புரதம், அஃப்லடாக்சின் பார்க்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. மாதிரி எடுக்கும்போது ஒரே மூட்டையின் மேற்பகுதியிலிருந்து அள்ளாமல், பத்து மூட்டைகளில் நடுவிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவைக் காற்றுப் புகாத பையில் கட்டி, தேதியும் லாட் எண்ணும் எழுதி அனுப்புங்கள்.